பேயைச் செய்தவனுக்குப் பேய்ப் பயம் ஏது?



அம்பத்தூரில் அக்டோபர் மாதம் 31-ந்தேதி இரவு பேய்கள் நடமாடுகின்றன என்று நான் சொன்னால், இவனுக்கும் புத்தி கெட்டுவிட்டதோ என்று எண்ணுவீர்கள். ஆனால் சென்ற ஆண்டு நானே கண்ணாரக் கண்டேன். எல்லாம் நாலடி உயரத்துக்கு உட்பட்ட பேய்கள். எங்கள் தெருக்கோடியிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடுவீடாகக் கதவைத் தட்டி, மிட்டாய் வாங்கித் தின்றன. அவற்றுள் இரண்டு என் வீட்டுப் பேய்கள்.

இதற்கு ஹாலோவீன் என்று பெயர். அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய நாடுகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் ஆவிகள் உலாவும் என்று பழைய காலத்து ஜனங்கள் நம்பி வந்தார்களாம். பிறகு கிறிஸ்தவ மதம் நவம்பர் 1-ந்தேதியைப் புனிதர்கள் எல்லோருக்கும் உரிய நாளாக்கிற்று. அதற்கு முந்தின மாலை என்பதுதான் ஹாலோவீன் என்ற சொல்லுக்குப் பொருள். அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அங்கே கிழங்குக்குப் பதில் பரங்கிக்காய் வந்தது. இன்று அங்கே பெரும்பாலோருக்கு ஆவிப் பயம் போய், விளையாட்டு மட்டுமே மிஞ்சி நிற்கிறது. அங்கே செத்தவன் பேரைச் சொல்லிக் குழந்தை மிட்டாய் வாங்குகிறது. இங்கே மகாளய அமாவாசையன்று செத்தவன் பேரைச் சொல்லிப் புரோகிதன் அரிசியும் காயும் தட்சணையும் வாங்குகிறான். இரண்டில் எது மேல் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நிற்க. என் மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அந்தக் குடியிருப்பிலுள்ள சிநேகிதப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்று இருவரும் பேய் வேஷம் கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. "பேயே இல்லை என்று ஊரெல்லாம் பேசுகிறவன் வீட்டில் பேய் வேஷமா?" என்றேன். அதற்கு என் மகள், "இல்லாததற்குத்தானேப்பா வேஷம் போடணும்? இருந்தால் அதுவே வந்துவிடுமே!" என்றாள். இருபது வருஷமாக மேடையேறியும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. ஒப்புக்கொண்டேன்.

ஆனால் வேஷம் கடையில் வாங்குவதா? வாடகைக்கு எடுப்பதா? 1960-களில் தொழிற்பேட்டை வந்தது முதல் அம்பத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் ஷிப்டு மணியைப் பார்த்தே தின்று, ஷிப்டு மணியைப் பார்த்தே தூங்குகின்றன. என் வீடும் அப்படித்தான். நான் லேத்துப் பட்டறையில். என் துணைவியார் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில். அவர் வீடு திரும்ப இரவு ஏழு மணியாகும். "நாள் முழுக்கத் தையல், வீட்டுக்கு வந்தும் தையலா? வேண்டுமானால் நீங்களும் பிள்ளைகளும் தைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். அதில் என்ன தப்பு? ஊசி பெண்ணுக்கு, சுத்தி ஆணுக்கு என்று எவன் எழுதி வைத்தான்? ஆகவே நானும் பிள்ளைகளும் நாலு இரவு, சாப்பிட்ட பிறகு அரைமணி அரைமணி நேரமாக உட்கார்ந்தோம்.

செலவு எவ்வளவென்று கேட்பீர்கள். என் கிழிந்த வேட்டி ஒன்று, கழித்துப்போட்ட துண்டுத் துணி, பட்டறையில் கிடந்த அட்டைப் பெட்டி, ஒரு கிண்ணம் மைதாப் பசை. மகள் வேட்டியைத் தானே வெட்டி, தானே ஓட்டுத் தையல் போட்டு வெள்ளைப் பேயானாள். மகன் அட்டையில் பூச்சாண்டி முகம் செய்தான். கண்ணுக்குக் கொட்டாங்கச்சி, மீசைக்குத் தேங்காய் நார், பல்லுக்குக் காகிதம். மீசை மூன்று முறை விழுந்தது. மூன்று முறையும் அவனே ஒட்டினான்.

இதில் ஒரு சங்கதியை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மகன் பொழுது சாய்ந்தால் கொல்லைப்புறம் போகமாட்டான். அங்கே ஒரு முருங்கை மரம். அதில் பூச்சாண்டி இருக்கிறானாம். இந்தப் பயத்தை அவனுக்கு ஊட்டியவர் யார்? சோறு தின்ன வைக்க என் தாயார் சொன்னார். வேலை அவசரத்தில் நானும் ஒரு நாள், "பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்றேன். மேடையில் பகுத்தறிவு, வீட்டில் பூச்சாண்டி! பிறகு நான் எவ்வளவு சமாதானம் சொல்லியும் பயன் இல்லை. இலங்கையில் வாழ்ந்த டாக்டர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தியை மோசடியில்லாமல் காட்டுகிறவனுக்கு லட்சம் ரூபாய் தருவதாக 1963-ல் சவால் விட்டார் என்றும், 1978-ல் அவர் இறக்கும்வரை அதை ஒருவனும் வெல்லவில்லை என்றும் கதைபோலச் சொன்னேன். பையன் நன்றாகக் கேட்டுக்கொண்டான். ஆனால் கொல்லைக்கு மட்டும் போகவில்லை.

நாலாம் நாள் இரவு பசைக் கையைக் கழுவ வேண்டியிருந்தது. முகமூடியை நெற்றிமேல் தூக்கி விட்டுக்கொண்டு, குழாயடிக்குத் தானே போனான், கழுவினான், வந்தான். "பயமில்லையா?" என்றேன். "பூச்சாண்டி நான்தானேப்பா" என்றான். என் பிரசாரம் செய்யாததை ஒரு கிண்ணம் பசை செய்தது. காரணம் யாதெனில், மீசை எதனால் ஆனது, அது எத்தனை முறை விழுந்தது என்று அறிந்தவன் அந்த மீசைக்கு அஞ்சமாட்டான் என்பதேயாகும்.

இதே அட்டையையும் பசையையும் வாடகைக் கடையிலிருந்து எடுத்துவந்து மாட்டிவிட்டிருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்குமா? நம் பள்ளிக்கூடங்களில் நடக்கும் மாறுவேடப் போட்டியைப் பாருங்கள். முந்தின நாள் சீட்டு வருகிறது. தாய் கடைக்கு ஓடுகிறாள். சரிகைக் கிரீடமும் மயிலிறகும் வைத்தவனுக்குப் பரிசு. பணமில்லாத வீட்டுப் பிள்ளை மூலையில் நிற்கிறான். குழந்தைக்கு அதில் வேலை என்ன? கடைக்காரன் துணியைத் தூக்கிச் சுமப்பதுதான். பரிசு வாங்கியது குழந்தையா, கடைக்காரனா?

உடுப்பு என்பது அற்ப விஷயமல்ல. திருவிதாங்கூரில் நாடார் சமூகப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக்கூடாதென்று தடுத்தார்கள். 1822 முதல் போராடி, 1859 ஜூலை 26-ந்தேதிப் பிரகடனத்தில்தான் அந்த உரிமையைப் பெற்றார்கள். அதுவும் மேல்சாதிப் பெண்கள் போடும் மாதிரியில் போடக்கூடாதென்ற நிபந்தனையோடு. எவன் எதை உடுப்பது என்று சாதி கட்டளையிட்ட நாட்டில், கூலிக்காரன் பிள்ளை தன் கையால் கிரீடம் செய்து தலையில் வைத்துக்கொள்வது விளையாட்டு மட்டுமல்ல. கிரீடம் அட்டை என்பதை ஒட்டிப் பார்த்து அறிந்தவன், பெரிய மனிதர்களின் கிரீடத்தையும் அந்தக் கண்ணாலேயே பார்ப்பான்.

ஆகவே, பெற்றோர்களையும் ஆசிரியர்களையும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ஹாலோவீனோ, ஆண்டுவிழாவோ, பேரைப் பற்றிச் சண்டை வேண்டாம். வாங்கிய வேஷமும் வாடகை வேஷமும் கூடாது என்று விதி வையுங்கள். பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். பிள்ளை மேடையேறி, எதைக்கொண்டு எப்படிச் செய்தேன் என்று தன் வாயால் சொல்லட்டும். அதற்குப் பரிசு கொடுங்கள். வேலை நேரமில்லை என்ற சமாதானம் வேண்டாம். நாலு அரைமணி போதும் என்பது என் அனுபவம். கோணல் தையலைத் திருத்த ஓடாதீர்கள். அந்தக் கோணல்தான் குழந்தையின் சொத்து.

முருங்கை மரம் இன்றும் இருக்கிறது. அந்தப் பூச்சாண்டி முகம் அதில்தான் தொங்குகிறது. மாட்டியவன் என் மகன்.