பூட்டன் பெயர் எந்தப் பதிவேட்டில்?

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது நம் காலனிகளில் ஒரு காட்சியைப் பார்த்தோம். கையில் படிவத்தோடு, இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் தேடித் தெருவே உட்கார்ந்திருந்தது. படித்த பிள்ளை ஒன்று கைப்பேசியில் தேடித் தர, சுற்றிலும் பத்துப் பேர். பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ஊர் கூப்பிடும் பெயர் இன்னொன்று. ஒரே ஒரு தலைமுறை பின்னால் போவதற்கே இந்தப் பாடு. நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருந்தால்?

நமக்குப் போக வேண்டியிருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

வம்ச வரலாறு என்றால் நம்மில் பலருக்கு ஒரு கசப்பு உண்டு. அது யாரோ பெரிய வீட்டுக்காரர்கள் செப்பேட்டையும் பட்டயத்தையும் காட்டி மார்தட்டுகிற வேலை என்று நினைக்கிறோம். ‘ஆண்ட பரம்பரை’ என்று பிளெக்ஸ் பேனர் வைப்பவர்களைப் பார்த்து அந்தக் கசப்பு கூடியிருக்கிறது. அண்மைக்காலமாக நம் இளைஞர்களில் சிலரும் பதிலுக்கு ஒரு மன்னனைத் தேடிப் பிடித்து பேனர் வைக்கிறார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த மன்னனின் பெயரைச் சொல்லும் தம்பியிடம், உன் தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று கேட்டால் விழிக்கிறான். நம் கவலை அதில்தான் இருக்கிறது. மன்னன் பெயரைக் காட்டி எந்த அலுவலகத்திலும் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. பூட்டன் பெயரைக் காட்டினால் வாங்கலாம்.

எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்கிறோம். எண்பத்தெட்டு வயது ஆயா, ஏரிக்கரைக்குத் தெற்கே ஒரு துண்டு நிலத்தை எப்போதும் ‘டி.சி. காடு’ என்பாள். இப்போது அதில் சவுக்கு நிற்கிறது, ஊர்த்தெருக்காரர் ஒருவரின் பட்டாவில். “அது எங்க மாமனாருக்கு சர்க்காரு குடுத்தது. நாத்தனா கல்யாணத்துக்கு நாலு மூட்டை நெல்லு வாங்கிட்டு கைநாட்டு வெச்சாரு. அதோட போச்சு” என்பது அவள் கணக்கு. நாங்கள் இதைப் பல வருஷம் கதையாகக் கேட்டோம். ‘டி.சி.’ என்ற அந்த இரண்டு எழுத்தின் பொருள் கல்லூரியில் படிக்கும்போதுதான் உறைத்தது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பண்ணையாள்களாக இருந்தவர்களுக்கு உழ நிலம் இல்லை. குடிசை நிற்கும் மண்ணுக்குக்கூட மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். இதையெல்லாம் அவர் அரசுக்கு எழுதினார். அதன் பிறகு 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் வழி அப்போது திறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படும் பஞ்சமி நிலத்தின் கதை இதுதான். ‘டி.சி.’ என்பது ‘டிப்ரஸ்ட் கிளாஸ்’. முதல் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் நம் மக்களுக்கே விற்க வேண்டும். மீறி வேறு யார் கைக்குப் போனாலும் அரசு திரும்ப எடுக்கலாம். நான்கு மூட்டை நெல்லுக்கு வைத்த கைநாட்டு அந்த நிபந்தனைக்கு முன்னால் செல்லாது.

இந்த உரிமையைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி நம் மாவட்டத்துக் காரணையில் மக்கள் திரண்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேரை இழந்தோம்.

நாங்களும் மனு போட்டோம். மனுவைப் பார்த்த அதிகாரி கோபப்படவில்லை, விரட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “பழைய பதிவேட்டில் இருக்கிற இந்த ஆளுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஆதாரம் கொண்டு வாங்க.”

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது தமிழர் வழக்கம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதைப் பெருமையாகப் படித்தோம். பதிவேட்டைத் திறந்தபோது அதே வழக்கம் காலை வாரிவிட்டது. எங்கள் பூட்டனின் பெயர் அந்தச் சேரியில் நான்கு பேருக்கு இருந்தது. நால்வரில் மூவருக்குத் தகப்பன் பெயர் எழுதப்படவே இல்லை. சாதிப் பெயர் மட்டும் இருந்தது. ஊர்த்தெருக்காரர்களுக்கு மட்டும் தகப்பன் பெயரும் பட்டமும் முழுசாக இருந்தன. நம்மவரை எழுதியவருக்கு ஆள் யார் என்று அடையாளம் காட்டும் தேவையே இருந்ததில்லை.

நாங்கள் படித்தவரை, நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட இடம் ஒன்று உண்டு. அது விற்பனைச் சீட்டு. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமை முறை’ நூலை மாணவர்கள் நூலகத்தில் தேடிப் படிக்க வேண்டும். ஆளை விற்ற ஓலைகளில், விற்கப்பட்டவரோடு அவருக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளும் வழிவழியாகச் சேர்த்து எழுதப்பட்டார்கள். சொத்தாக இருந்தபோது வம்சாவளி கவனமாக எழுதப்பட்டது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமை முறைக்கான சட்டப் பாதுகாப்பை நீக்கியது. அதன் பிறகு சொத்து உடையவராக நம்மை எழுத யாருக்கும் அவசரம் வரவில்லை.

இன்னொன்றைப் பாருங்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக 342 பேர் அதில் போனார்கள். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடலில் உள்ள தழும்பு, மச்சம் வரை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியதுதான், பாசத்தால் அல்ல. மொரீஷியஸில் ஒருபடி மேலே போய்ப் புகைப்படமே எடுத்தார்கள். அந்த ஆவணங்கள் இன்று மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. டர்பனில் இருக்கும் ஒரு கொள்ளுப்பேத்தி, அந்த எண்ணை வைத்துக்கொண்டு செங்கல்பட்டு ஜில்லாவில் தன் பூட்டனின் கிராமத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அதே கிராமத்தில், கப்பல் ஏறாத தம்பியின் கொள்ளுப்பேரன் தன் பூட்டனுக்குச் சான்று இல்லாமல் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறான்.

எங்கள் பூட்டனுக்கு இடது கெண்டைக்காலில் கலப்பைக் கொழு கிழித்த தழும்பு இருந்ததாம். ஆயா சொன்னாள். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சரி, எங்கேதான் தேடுவது? எங்களுக்குக் கைகொடுத்தது பள்ளிக்கூடம். லேபர் ஸ்கூல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தொழிலாளர் துறை நம் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளிகள் அவை. பின்னாளில் அவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயின. அங்கே மாணவர் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். அழிக்கக் கூடாத பதிவேடு. தலைமையாசிரியர் நல்லவர், பீரோவின் அடித்தட்டிலிருந்து துணி சுற்றிய ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். கரையான் அரித்த பக்கங்கள் போக மிச்சத்தில் எங்கள் தாத்தாவின் பெயர் கிடைத்தது. ஒன்றாம் வகுப்பு. தகப்பன் பெயர் இன்னது, தகப்பன் தொழில்: பண்ணையாள். பக்கத்தில் ஒரு குறிப்பு, ‘நீண்ட நாள் வராததால் நீக்கம்’. மாடு மேய்க்கப் போனதாக ஆயா சொல்லியிருந்தாள். அந்த ஒரு வரியை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றோம். அதற்கு அரசாங்க மதிப்பு என்னவோ, நாங்கள் அறியோம். எங்களுக்கு அதுதான் செப்பேடு.

நிலத்துக்கு, கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா ஆபீஸிலும் உள்ள ‘அ’ பதிவேட்டில் தொடங்குங்கள். அதன் குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ அல்லது ‘நிபந்தனை ஒப்படை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்புக்குப் பிந்தைய பதிவேட்டில் அந்தக் குறிப்பு காணாமல் போயிருந்தால் பயப்பட வேண்டாம். அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். பழைய மாவட்ட ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒரு எச்சரிக்கை: பழைய பதிவேடுகளில் நம்மை இழிவாக எழுதியிருப்பார்கள். எம்.சி. ராஜா 1922-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த பிறகே பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று அரசு எழுதத் தொடங்கியது. ஒரே குடும்பம் ஒரு பதிவேட்டில் ஒரு பெயரிலும் அடுத்ததில் வேறு பெயரிலும் இருப்பதற்கு இதுதான் காரணம். அதிகாரி ‘இது வேறு ஆள்’ என்றால் இந்த வருஷத்தைச் சொல்லுங்கள்.

தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78-ல், வேதத்துக்குப் போன குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாம். தாத்தா, பாட்டி, ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்கள் கிடைக்க வாய்ப்புண்டு. கோலார் தங்கச் சுரங்கத்துக்கும் பம்பாய்க்கும் போன குடும்பங்களுக்கு இந்தத் தேடல் இன்னும் அவசரம். பிற மாநிலத்தில் பிறந்த பிள்ளை அங்கே சாதிச் சான்று கேட்டால், 1950 ஆகஸ்ட் 10-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எங்கே வாழ்ந்தது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

அலுவலகங்களுக்கு விடுமுறை இல்லை, மெதுவாகப் போகலாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. கல்லூரி மாணவர்கள் இந்த மே மாத விடுமுறையில் ஒரு நோட்டும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். “நம்ம வம்சம் என்ன?” என்று கேட்டால் பதில் வராது. “உங்க மாமியா செத்தப்ப யாரு யாரு கோடி போட்டாங்க? யாரு யாரு மொட்டை அடிச்சாங்க?” என்று கேளுங்கள். மொட்டை அடித்தவர் பங்காளி, கோடி போட்டவர் சம்பந்தி. முழு வம்சாவளியும் அந்த ஒரு சாவு வீட்டில் கிடைத்துவிடும். ஒப்பாரி பாடத் தெரிந்த அம்மாக்கள் இருந்தால் இன்னும் நல்லது. பிறந்த ஊர், அண்ணன் தம்பி, கொண்டுவந்த சீர் எல்லாம் அதில் வந்துவிடும். சொல்வது முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் திருத்தாதீர்கள். அப்படியே எழுதுங்கள், தேதி போட்டு.

பண்டிதர் அயோத்திதாசர் செய்ததும் இதுதான். தம் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தார் என்றும், அவர் கொடுத்த ஓலைச்சுவடி வழியாகவே எல்லிஸ் துரைக்குத் திருக்குறள் போய்ச் சேர்ந்தது என்றும் எழுதி வைத்தார். எழுதியிருக்காவிட்டால் குறளின் பதிப்பு வரலாற்றில் ஒரு பட்லரின் பெயரை இன்று யார் சொல்லப் போகிறார்கள்?

நாங்கள் தேடியதையெல்லாம் சேர்த்து ஒரு சார்ட் அட்டையில் கிளைகிளையாக வரைந்தோம். பூட்டனில் தொடங்கி எங்கள் பிள்ளைகள் வரை முப்பத்தொரு பெயர். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விரல் வைத்துப் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும், “இதுல நான் எங்க இருக்கேன்?” என்றாள்.

இல்லை. அவள் மாமியாரும் இல்லை, மூன்று நாத்தனார்களும் இல்லை. அரசாங்கம் கேட்டதும் பதிவேடு தந்ததும் ஆண்களின் பெயர்தான். சமத்துவம் பேசுகிற நாங்களும் அதையே வரைந்து கொண்டுவந்திருக்கிறோம். வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே வேறு அட்டை வாங்கினோம். ஆயா சொல்லச் சொல்ல இருபத்திரண்டு பெண்களின் பெயரும், ஒவ்வொருத்தி பிறந்த ஊரும் சேர்ந்தன.

அதில் மூத்த நாத்தனாருக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் செய்யூர் பக்கம். அந்த நாலு மூட்டை நெல் அவள் கல்யாணத்துக்குத்தான் வந்தது. அவள் பேத்தி வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதாம். அதில் மாமனார் கொடுத்து வைத்த ஏதோ காகிதம் கிடப்பதாக ஆயாவுக்கு ஞாபகம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். மனு மீதான விசாரணை அடுத்த மாதம்.