மாதச் சம்பளம் வருகிறது, அளவை நிறைகிறதா?

உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை அமைக்க, தைவானின் போ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி ஃபுட்வேர் நிறுவனம் 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. முதலீடு 2,302 கோடி ரூபாய். 20,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. பெரிய ஆலை என்றாலே மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளை நினைத்துப் பழகிய கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கு இது பெரிய செய்திதான்.

இந்த மாவட்டத்தில் மாதச் சம்பளத்தின் அருமை எல்லோருக்கும் தெரியும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் பிழைப்புக்காக இன்றும் வெளிமாநிலங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டுச் சிறைக்குள் போனவர்களும் உண்டு. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள ஒரு வேலை பெரும் நிஃமத். அதனால் ஆலை வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ‘கம்பெனி வேலை கிடைத்தால் போதும்’ என்று அத்துடன் நின்றுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஒன்றிய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே அதைச் சொல்கிறது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், நிரந்தரச் சம்பள வேலையில் இருக்கும் ஆண்களின் சராசரி மாத ஊதியம் 2017-18இல் 12,665 ரூபாயாக இருந்து, 2023-24இல் 11,858 ரூபாயாகக் குறைந்திருக்கிறது. பெண்களுக்கு 10,116 ரூபாயிலிருந்து 8,855 ரூபாயாக இறங்கிவிட்டது. ஆண்களுக்குச் சரிவு சுமார் 6 சதவீதம் என்றால் பெண்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையும் இதையே காட்டுகிறது. 2012 முதல் 2022 வரை தினக்கூலிகளின் உண்மை ஊதியம் ஆண்டுக்கு 2.4 சதவீதம் உயர்ந்தது. மாதச் சம்பளக்காரர்களின் உண்மை ஊதியமோ ஆண்டுக்கு 1 சதவீதம் தேய்ந்தது.

கையில் வாங்கும் தொகை கூடத்தானே செய்கிறது என்று சிலர் கேட்கலாம். உதாரணமாக, 10,000 ரூபாய் சம்பளம் 13,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள், 10,000 ரூபாய்க்கு வாங்கிய அதே அரிசி, எண்ணெய், வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் 14,000 ஆகிவிட்டால் உயர்வு எங்கே இருக்கிறது? மரக்கால் நிறைந்துதான் இருக்கிறது, ஆனால் மரக்காலே சிறுத்துவிட்டது. அளவையில் குறை வைத்த மத்யன்வாசிகளை நபி ஷுஐப் (அலை) எச்சரித்ததைக் குர்ஆனில் ஓதும் நாம், உழைப்பின் அளவை இப்படிக் குறைவதைக் கவனிக்காமல் இருக்கலாமா?

நாட்டில் பணம் இல்லாததால் இப்படி நடக்கவில்லை. 2023-24இல் பெருநிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் உயர்ந்ததாகவும் வேலைவாய்ப்பு 1.5 சதவீதமே கூடியதாகவும் அதே ஆய்வறிக்கை கூறுகிறது. பதிவுபெற்ற ஆலைத் தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேர் இன்று ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்கள். ஒரே எந்திரத்தில் ஒரே வேலையைச் செய்தாலும் அவர்களுக்குச் சம்பளம் குறைவு, பேரம் பேசும் பலமும் இல்லை. கட்டாய பி.எஃப். கணக்குக்கான ஊதிய உச்சவரம்பு 2014இல் 15,000 ரூபாய் என வைக்கப்பட்டு, பத்தாண்டுகளுக்கு மேல் அசையவே இல்லை.

நபி மூசா (அலை) மத்யனுக்கு அகதியாக வந்து நின்றபோது, அங்கிருந்த பெரியவர் அவரது நிர்க்கதியைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. எத்தனை ஆண்டு, அதற்கு என்ன ஈடு என்று முதலிலேயே பேசினார். சிரமம் கொடுக்க விரும்பவில்லை என்றும் சொன்னார். கூலியைப் பேசாமல் வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்த மார்க்கம் நம்முடையது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டில் தோல், காலணித் தொழிலைத் தலைமுறைகளாக நடத்திவரும் நம் சமுதாய முதலாளிகளுக்கும் இது பொருந்தும். வியர்வை உலரும் முன் கூலி கொடுத்தாலும், அந்தக் கூலி குடும்பத்திற்குப் போதவில்லை என்றால் கடமை பாதிதான் நிறைவேறியிருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தியுள்ளது. தொழிற்சங்கங்கள் அவற்றை எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பில் நியாயங்கள் உண்டு. ஆனாலும் அவற்றில் உள்ள சில உரிமைகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மொத்த ஊதியத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. ஆண், பெண் என்று பார்த்துக் கூலியில் பாகுபாடு காட்டக் கூடாது.

எனவே, பிள்ளையை ஆலைக்கு அனுப்பும் பெற்றோர் ‘சம்பளம் எவ்வளவு’ என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். வேலைக்கு எடுப்பது நிறுவனமா, ஒப்பந்தக்காரரா? நியமனக் கடிதம் உண்டா? பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு? ஆண்டுக்கு எவ்வளவு உயரும்? இவற்றையும் கேளுங்கள். பி.எஃப். எண்ணை வாங்கி, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஜமாஅத்துகள் இதற்கென ஒரு படித்த இளைஞரைப் பொறுப்பில் வைக்கலாம். பள்ளிவாசலுக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்கும் அவர் உதவட்டும். அவர்களின் கூலி குறைந்தால் அதே வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளின் கூலியும் குறையும்.

உழைப்பவர்களின் உரிமை குறைவின்றிச் சேர அல்லாஹ் அருள்புரிவானாக.