நான்கு வயதில் ‘பெரியவன்’

இரட்டைக் குழந்தைகள் பிறந்த இல்லத்திற்கு வாழ்த்துக் கூற வருவோர் தொட்டிலை நோக்கியே நடக்கின்றனர். கதவோரம் நிற்கும் நான்கு வயது மூத்தவனிடம், “இனி நீ காக்கா, அடம் பிடிக்கக் கூடாது” என்று சொல்லிச் செல்கின்றனர். நேற்று வரை உம்மாவின் மடியில் உறங்கியவன் ஒரே இரவில் எவ்வாறு பெரியவனாவான்?

உம்மாவின் மீதும் குற்றமில்லை. பச்சிளங்குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். இருவருக்கும் தனித்தனியே எட்டெட்டு முறை என்றாலும் 16 முறையாகிறது. முறைக்கு அரைமணி நேரம் எனின், பாலூட்டுவதிலேயே 8 மணி நேரம் கழிந்துவிடும். எஞ்சிய பொழுதில் அவர் சமைப்பதா, துவைப்பதா, சற்றே கண்ணயர்வதா, மூத்தவனுக்குச் சோறூட்டுவதா?

குடும்பத் தலைவர்களே, “பாலூட்டுவது தாயின் வேலை” என ஒதுங்குதல் தகாது. பால் குடித்த குழந்தையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள், மல்லாந்த நிலையில் உறங்க வையுங்கள். அவ்வேளையில் உம்மாவின் மடி மூத்தவனுக்குக் கிடைக்கும். நாள்தோறும் கால்மணி நேரமேனும் அது அவனுக்கே உரியதாகட்டும்.

அவன் மீண்டும் படுக்கையை நனைக்கலாம், மழலை பேசலாம், தம்பியைக் கிள்ளவும் செய்யலாம். “என் இடம் எங்கே?” என்றே அவன் வினவுகிறான். அடித்து விடையளிக்காதீர்கள். கிள்ளிய கையை மெல்ல விலக்கி, அதே கையால் தம்பியின் பாதத்தை வருடக் கற்றுக்கொடுங்கள்.