வாக்குக்குப் பிறகு வரும் இரண்டு நிமிடம்

செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? ஒன்பதாம் வகுப்பில் கேட்டாலும் கல்லூரி முதலாண்டில் கேட்டாலும் ‘சுழி’ என்ற தவறான விடைதான் முந்திக்கொண்டு வருகிறது. பந்து ஒரு கணம் நின்றுவிட்டதே, பிறகு முடுக்கம் எங்கிருந்து வரும் என்று மாணவர் நினைக்கிறார். திசைவேகம் சுழியானாலும், கீழ்நோக்கிய 9.8 மீ/வி² முடுக்கம் அங்கேயேதான் இருக்கிறது. ‘புரிந்ததா?’ என்று கேட்டு, ‘புரிந்தது சார்’ என்று வகுப்பே குரல் கொடுத்த பிறகும் இந்தக் குழப்பம் உள்ளே அப்படியே தங்கிவிடும். கை தூக்கும் நான்கு பேரோடு நில்லாமல் நாற்பது பேரின் மனத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க உதவுவதால்தான், ஒவ்வொரு மாணவரின் விடையையும் திரட்டித் தரும் வாக்குக் கருவிகளுக்கு வகுப்பறையில் இடம் உண்டு.

ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1990 வாக்கில் இத்தகைய குழப்பத்தை நேரில் கண்டார். கடினமான கணக்குகளைப் போட்டு முடிக்கும் அவருடைய மாணவர்கள், கனமான லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்ற கேள்வியில் தடுமாறினார்கள். இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அதை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்! மறு ஆண்டிலிருந்து அவர் விரிவுரையைச் சிறு துண்டுகளாக்கினார். கொஞ்சம் விளக்கம், ஒரு கருத்துக் கேள்வி, தனித்தனியாக வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மீண்டும் வாக்கு. சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் விவாதத்துக்கு விடுவது அவர் வழக்கம். அதற்குக் கீழே போனால் பாடத்தையே திரும்பத் தொடுவார். மேலே போனால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகர்வார்.

இந்த முறை கைதூக்கலிலும் விடையைக் காட்டும் அட்டைகளிலும் தொடங்கியது, மின்னணுக் கருவி பின்னால் வந்தது என்பதைக் கருவி வாங்கும் பள்ளிகள் கவனிக்க வேண்டும். கியூபெக் கல்லூரி ஒன்றில் நதானியேல் லாஸ்ரி ஒரு பிரிவுக்குப் பொத்தானை அழுத்தி விடையளிக்கும் க்ளிக்கர் கருவியும் இன்னொரு பிரிவுக்கு அட்டையும் கொடுத்து ஒப்பிட்டார். 2008இல் வெளியான அந்த ஆய்வில் கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கருவியால் வாக்கு விரைவாக எண்ணப்படுகிறது, பதிவாகிறது, யார் என்ன சொன்னார் என்பது சக மாணவருக்குத் தெரியாமல் போகிறது. கூச்சமுள்ள பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆனால் கற்றல் நடப்பது வாக்குக்குப் பின் வரும் பேச்சில்.

அந்தப் பேச்சில் உண்மையிலேயே புரிதல் வளர்கிறதா, அல்லது கெட்டிக்காரர் சொன்னதை மற்றவர் நகலெடுக்கிறாரா? கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். விவாதம் முடிந்ததும், அதே கருத்தை வேறு வடிவில் கேட்கும் இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் தனியாக விடையளிக்க வேண்டும். தேர்ச்சி கூடியது. முதலில் சரியான விடை யாருக்குமே தெரியாத குழுக்களில்கூட முன்னேற்றம் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். தவறான இரண்டு கருத்துகள் மோதும்போதும் பிள்ளைகள் காரணம் தேடத் தொடங்குகிறார்கள் என்பது ஆசிரியருக்கு எவ்வளவு நம்பிக்கை தரும் செய்தி!

விவாதத்துக்கான அந்த இரண்டு நிமிடத்தை நாமே கெடுத்துவிடவும் முடியும். முதல் வாக்கின் பட்டை வரைபடத்தை விவாதத்துக்கு முன்பே திரையில் காட்டினால், உயரமான பட்டையின் பக்கம் மாணவர் சாய்கிறார்கள். ஆய்விலும் இது தென்பட்டிருக்கிறது. சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் என்றால், நன்றாகப் படிப்பவர் பேச மற்றவர் கேட்டுக்கொள்வதோடு சரி. கஹூட் போல வேகத்துக்குப் புள்ளி தரும் விளையாட்டுகள் திருப்புதலுக்குப் பொருந்தும். யோசிக்க வேண்டிய கேள்விக்கு அவை வேண்டாம்.

செலவு ஒரு தடையே அல்ல. பெங்களூரில் சோதித்துப் பார்த்த ஒரு காகித முறையை ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் குறியீடு அச்சிட்ட ஒரு தாள். அதை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார் என்பதே விடை. மடிக்கணினியோடு இணைத்த வெப்கேமரா அதைப் படித்துக்கொள்ளும். இன்று ப்ளிக்கர்ஸ் செயலி இதே வேலையை ஆசிரியரின் ஒரே கைப்பேசியில் செய்கிறது. மாணவர் கையில் கைப்பேசி தேவையில்லை. அட்டையைப் பளபளப்பாக லேமினேட் செய்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குக் குறியீடு தெரியாது. விரல் குறியீட்டின்மேல் படிந்தாலும் அப்படித்தான். ஓரத்தைப் பிடிக்கப் பழக்கிவிட்டால் போதும்.

கருவி எளிதாகக் கிடைத்தாலும், தமிழில் பற்றாக்குறை நல்ல கேள்விகளுக்குத்தான். பாடநூலின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள் பெரும்பாலும் நினைவைச் சோதிப்பவை. தவறான மூன்று தெரிவுகள் எளிதில் தள்ளிவிடக் கூடியவை. நல்ல கேள்வியில் ஒவ்வொரு தவறான தெரிவுக்குப் பின்னாலும் மாணவரின் உண்மையான நினைப்பு ஒன்று இருக்க வேண்டும். அதைக் கற்பனையில் தேட வேண்டாம். காலாண்டு விடைத்தாள் திருத்தும்போது திரும்பத் திரும்ப வரும் தவறுகளை ஆசிரியர் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், தெரிவுகள் மாணவரின் சொற்களிலேயே கிடைத்துவிடும். அப்படி உருவான கேள்விகளை, வகுப்பில் கிடைத்த முதல் வாக்கு, இரண்டாம் வாக்கு விவரத்தோடு வாசகர்கள் இந்த இதழுக்கு அனுப்பலாம். பாடவாரியாகத் தொகுத்து வெளியிடுவோம்.