பொம்மைக் கடைத் தராசு

ஒரு கதை நல்லதா அல்லவா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? பார்ப்பவருக்கா, எழுதுபவருக்கா, பொம்மைக் கடைக்காரருக்கா? ஜப்பானிய டெலிவிஷனில் வந்த இரண்டு கார்ட்டூன் தொடர்களின் கதியைப் பார்த்தால், கடைக்காரர் கையில்தான் தராசு இருந்தது என்பது விளங்கும்.

இரண்டும் மனிதன் உள்ளே அமர்ந்து ஓட்டும் ராட்சத இயந்திரங்கள் போர் புரியும் கதைகள். இரண்டையும் தயாரித்தது சன்ரைஸ் என்ற ஒரே நிறுவனம். ஒன்று 'மொபைல் சூட் கன்டாம்'. அதன் பெயர் இன்று உலகெங்கும் தெரியும். மற்றொன்று 'சூரியனின் கோரைப்பல் டக்ராம்'. அதைச் சொன்னால், இத்துறையில் ஊறியவர்கள்கூடச் சற்று யோசித்துத்தான் தலையாட்டுவார்கள்.

இத்தகைய தொடர்களுக்குப் பணம் கொடுப்பவை பொம்மைக் கம்பெனிகள். வாரந்தோறும் திரையில் இயந்திரம் வரவேண்டும். அதே இயந்திரம் கடையில் விற்கவேண்டும். விற்காவிட்டால் கதைக்கு ஆயுள் இல்லை.

1979 ஏப்ரலில் தொடங்கிய கன்டாமுக்கு நேர்ந்தது அதுதான். இயக்குநர் யோஷியுகி தோமினோ, பகைவனையும் மனிதனாகக் காட்டினார். போரை விளையாட்டாக்காமல், அதில் சிக்கிய 15 வயதுச் சிறுவனின் அச்சத்தையும் அலுப்பையும் காட்டினார். பார்ப்போர் குறைவு, பொம்மைகளும் எதிர்பார்த்தபடி போகவில்லை. 52 வாரம் ஓடவேண்டிய தொடர் 43 வாரத்தோடு 1980 ஜனவரியில் முடிக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் பண்டாய் கம்பெனி 300 யென் விலையில், பிரித்து ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரிகளை விற்கத் தொடங்கியது. சரக்குப் பறந்தது. 1981, 1982 ஆண்டுகளில் தொடரைச் சுருக்கி மூன்று திரைப்படங்கள் வந்தன. 1985-இல் அடுத்த தொடர் வந்தது. அதன்பின் வரிசை நிற்கவேயில்லை. 2009-இல் டோக்கியோவில் 18 மீட்டர் உயரச் சிலையே எழுந்தது.

டக்ராமின் கதை இதற்கு நேர்மாறு. 1981 அக்டோபர் முதல் 1983 மார்ச் வரை 75 வாரம் அது ஓடியது. தகாரா கம்பெனி விற்ற அதன் மாதிரிகளுக்கு அன்று நல்ல கிராக்கி. ஆனால் டெலிவிஷனில் அதற்குத் தொடர்ச்சி வரவில்லை. அன்று பாதியில் வெட்டப்பட்டது இன்று கொடிகட்டிப் பறக்கிறது. அன்று நீண்டு ஓடியது அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டது. இரண்டு முறையும் எடைபோட்டது ஒரே தராசு. இரண்டு முறையும் அது கதையின் எடையைச் சொல்லவில்லை.

அந்த எடை என்ன? ரியோசுகே தகாஹாஷி, தகேயுகி கண்டா இருவரும் இயக்கிய டக்ராம், முடிவிலிருந்தே தொடங்குகிறது. பாலைவனத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது ஓர் இயந்திரம். விற்கவேண்டிய சரக்கையே முதல் வாரத்தில் பழைய இரும்பாகக் காட்டும் துணிச்சல் வேறு யாருக்கு வந்தது?

டெலோயர் என்பது பூமியின் ஆளுகையில் இருக்கும் கிரகம். அதன் விளைச்சலும் கனிவளமும் பூமிக்குப் போகின்றன. அங்கே உழைப்பவர்களுக்குச் சொந்த அரசு இல்லை. பூமி அரசின் பெருந்தலைவர்களில் ஒருவரான டோனன் காஷிமின் மகன் கிரின், தந்தையின் பக்கத்தை விட்டுக் கலகக்காரர்களோடு சேர்கிறான். அவனிடம் அபூர்வ சக்தி எதுவும் இல்லை. கன்டாமின் நாயகன் அமுரோ போகப்போக மற்றவர்க்கில்லாத உணர்வாற்றல் பெற்றவனாகிறான். கிரினுக்கு இருப்பது பிடிவாதம் மட்டுமே. சுமார் 10 மீட்டர் உயரமுள்ள அவனது இயந்திரத்தை லாரியின் பின்வண்டியில் படுக்கவைத்து இழுத்துப் போகிறார்கள். எரிபொருளுக்கும் குண்டுக்கும் பழுதுபார்ப்பதற்கும் தவிக்கிறார்கள்.

உண்மையான சண்டை நடப்பது மேஜையைச் சுற்றித்தான். டோனனிடம் கைகட்டி நின்ற உதவியாளன் லெகாக், தந்திரத்தால் படிப்படியாக மேலே ஏறுகிறான். களத்தில் கலகக்காரர்கள் முன்னேறுகிறார்கள். அறைக்குள் அவர்களுடைய வெற்றி பங்கு போடப்படுகிறது. கடைசியில் ஆயுதத்தைக் கீழே போடு என்ற உத்தரவு வருகிறது. அதற்குச் சம்மதித்தவர்களில் நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்களும் உண்டு. கிரின் தன் இயந்திரத்தை ஒப்படைக்க மனமின்றித் தானே தீயிடுகிறான். முதல் வாரத்தில் கண்ட துருவின் பொருள் அப்போதுதான் புரிகிறது.

வேலைநிறுத்தம் செய்து, பிறகு ஒப்பந்தத்தின் பிரதியைக் கையில் வாங்கிப் படித்த எந்தத் தொழிலாளிக்கும் இது வேற்றுக் கிரகத்துக் கதையாகத் தோன்றாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. டக்ராம் மெதுவாக நகர்கிறது. சில வாரங்களில் பேச்சே மிகுதி. சிறுவர்களுக்குக் கொட்டாவி வரும். கன்டாமின் விறுவிறுப்பு அதற்கு இல்லை. சார் அஸ்னாபிளைப் போல மனத்தில் ஒட்டிக்கொள்ளும் எதிரியும் இல்லை. கன்டாமின் புகழ் தகுதியற்ற புகழ் என்று யாரும் சொல்ல முடியாது. போர் மனிதனை என்ன செய்கிறது என்று கேட்ட தொடர் அது. ஆனால் போர் முடிந்தபின் அதன் பலன் யார் கைக்குப் போகிறது என்று கடைசிவரை துரத்திக் கேட்டது டக்ராம்தான். முதல் கேள்வி கண்ணில் நீரை வரவழைக்கும். இரண்டாவது கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கத்தைக் கெடுப்பவற்றை மறப்பது உலக வழக்கம்.

கன்டாமையே அன்றைய விற்பனைக் கணக்கோடு விட்டிருந்தால் இன்று அதன் பெயர் இருந்திருக்காது. அதற்குக் கிடைத்த மறுவிசாரணை டக்ராமுக்கும் கிடைக்கவேண்டும். அதற்குச் சிலை வேண்டாம், பொம்மையும் வேண்டாம். 75 வாரக் கதையைப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கும் ஆட்கள் சிலர் போதும்.