சாப்பிடும்போது குழந்தையின் மூச்சில் சத்தமா?

ஆறு மாதம் முடிந்து முதன்முதலாகக் கேழ்வரகுக் கூழ் ஊட்டும்போது, குழந்தையின் மூச்சில் ‘கர்... கர்...’ என்று சத்தம் வந்தால் வீடே கலங்கிவிடும். பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காடு போல, ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் ஊர்களில், வீடியோ காலில் அத்தாவின் காதிலும் அந்தச் சத்தம் விழும். ‘சளி கட்டியிருக்கு’ என்பார் ஒருவர். ‘தொக்கம் எடுத்தா சரியாகிடும்’ என்பார் இன்னொருவர். அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சத்தம் பழையதா, புதியதா?

பழைய சத்தம்

பிறந்த சில வாரங்களிலிருந்தே, மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் கேட்கும். அழும்போதும், பால் குடிக்கும்போதும், மல்லாந்து படுக்கும்போதும் கூடும். குரல்வளையின் மேல்பகுதித் திசு மென்மையாக இருப்பதால் வரும் இதை மருத்துவர்கள் ‘லாரிங்கோமலேசியா’ என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 2 வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். எடை ஏறாவிட்டாலோ, ஊட்டும்போதெல்லாம் புரையேறினாலோ தள்ளிப்போடவே கூடாது.

சாதாரண மூக்கடைப்பும் சாப்பிடும்போது சத்தம் தரும். அதற்கு மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு போதும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம்.

புதிய சத்தம்

நேற்றுவரை இல்லாத சத்தம் இன்று திடீரென வந்தால் எச்சரிக்கை தேவை. மக்காச்சோளம் விளையும் மாவட்டம் இது. தரையில் கிடக்கும் ஒரு சோள மணியோ, வேர்க்கடலையோ, பொட்டுக்கடலையோ தவழும் குழந்தையின் வாய்க்குப் போக ஒரு நொடி போதும். மூச்சுக்குழாயில் அது சிக்கினால் குழந்தை விடாமல் இருமும், பிறகு அமைதியாகிவிடும். ஏமாற்றுவது அந்த அமைதிதான். சில நாள் கழித்து வரும் இருமலையும் இளைப்பையும் சளி என்றே நினைத்துவிடுவார்கள். கடலை, சோளம் போன்றவை எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அதனால் ‘அன்று சாப்பிடும்போது திடீரென இருமியது’ என்று தாய் சொல்லும் ஒரு வரிதான் மருத்துவருக்கு முக்கியத் தடயம். இங்கே தொக்கம் எடுக்கப் போவது ஆபத்து, நேரமும் வீணாகும்.

உடனே 108

உதடு நீலமாவது, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, அழக் குரல் வராமல் திணறுவது ஆகியவை அவசர அறிகுறிகள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை, அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருமவோ அழவோ முடியாமல் திணறினால், தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். பொருள் வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவே 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளிவரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடக் கூடாது. இன்னும் உள்ளே போய்விடும்.

அவசரம் இல்லாத சத்தம் என்றால், அது வரும்போது நெஞ்சும் முகமும் தெரியும்படி அரை நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து வைக்கலாம். மருத்துவரிடம் போகும் நேரத்தில் குழந்தை சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். அத்தாவுக்கு அனுப்பும் அதே வீடியோவை மருத்துவருக்கும் காட்டுங்கள்.