மூக்குக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர்

வல்வெட்டித்துறையில் மார்கழி மாதம் நாலுதரம் செருமிவிட்டால் போதும், நோயைச் சொல்ல டொக்டர் தேவையில்லை. கடைக்குப் பாண் வாங்க வந்த மாமியே சொல்லிவிடுவா: "வாடைக்காத்து தம்பி, உது பீனிசம்தான். நொச்சி இலை அவிச்சு ஆவி பிடி."

பிடித்தாயிற்று. சித்தாலேப பூசியாயிற்று, சமஹனும் குடித்தாயிற்று. பொங்கலுக்குக் கடற்கரையில் பட்டம் ஏற்றி முடிந்து, வாடை போய்ச் சோழகமும் வந்துவிட்டது. செருமல் மட்டும் போகவில்லை. இது காற்றின் வேலைதானா என்று ஒருவருக்காவது சந்தேகம் வர வேண்டாமா?

கடைசியில் டொக்டர்மாரிடம் போகிறோம். மூக்கு டொக்டர் லைட் அடித்துப் பார்த்து ஸ்பிரே எழுதுகிறார். வயிற்று டொக்டர் புளிச்சேப்பத்துக்கு அமிலம் குறைக்கும் ஒமெப்பிரசோல் எழுதுகிறார். ஒருவர் எழுதிய துண்டை மற்றவர் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஆனால் மூக்குக் குறையும் வயிற்றுக் குறையும் தொடர்புபட்டிருக்கலாம். இரைப்பை அமிலமும் பெப்சின் என்ற நொதியமும் மேலேறித் தொண்டைவரை வரலாம். உணவுக்குழாயின் தாங்குசக்தி குரல்வளைக்குக் கிடையாது. கொஞ்சம் பட்டாலே புண்படும். நெஞ்செரிவே தெரியாமலும் இது நடக்கும். விடியக் குரல் கம்மும், தொண்டையில் ஏதோ அடைத்தது போலிருக்கும், மூக்கின் பின்னால் சளி வடிவது போலவும் இருக்கும். நாங்கள் அத்தனையையும் பீனிசக் கணக்கில் எழுதிவிடுகிறோம். அமிலத்தால்தான் பீனிசம் வருகிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை, உண்மை. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை வைத்து டொக்டர்மார் ஒரு கேள்வியாவது கேட்கலாமே!

இதற்குள் பீனிசத் தலையிடிக்கென்று டைக்குளோபெனக் என்ற வலிநிவாரணி வேறு, அதுவும் வெறும் வயிற்றில். மூக்குக்காக விழுங்கியது வயிற்றைக் கெடுக்கிறது. ஒமெப்பிரசோலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முந்திப் போடவேண்டும். மருந்துப் பையிலோ 'காலை 1' என்று மட்டும் கிறுக்கியிருக்கும்.

எங்கள் வீடுகளிலும் பிழை இருக்கிறது. கனடாப் பிள்ளைகளோடு போன் கதைத்து முடிய இரவு பத்து மணி. அதன்பிறகுதான் பிட்டும் உறைப்பு மீன்குழம்பும், அதன்மேல் ஒரு பிளேன்டீ, உடனே படுக்கை. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள், கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்துங்கள் என்று சொல்ல எந்த டொக்டருக்கும் நேரமில்லை. இதற்குக் காசும் தேவையில்லை, மருந்தும் தேவையில்லை.

டொக்டர்மாரே, மூக்குக்குள் லைட் அடிக்கும்போது "இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுறனீங்கள்?" என்றும் கேளுங்கள். இனிமேல் இரண்டு துண்டையும் ஒன்றாகவே மேசையில் வைக்கிறோம். பார்த்து முடிக்குமுன் அடுத்த ஆளுக்கு மணி அடிக்காதீர்கள்.